கீழ்ப்பாக்கமும் நம் விடுதியின் 34-ஆம் அறையும்

(இளங்கலை வரலாறு, 1976–79 அணி)

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம் விடுதியின் வரலாறு. "சார், நீங்க ஹிஸ்டரி ஆளு. கட்டடம் எப்போ கட்டினாங்க, மெஸ் எப்போ வந்துச்சு, யார் யார் வார்டனா இருந்தாங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வார்டன்களின் பட்டியல் அலுவலகச் சுவரிலேயே தொங்குகிறது. அதைப் பார்த்து நான் இன்னொரு தரம் எழுதி என்ன ஆகப்போகிறது? பேனாவை எடுத்தால் 34-ஆம் அறைக் கதவுதான் கண்முன் வந்து நின்றது. ஆகவே குழுவினர் மன்னிக்க வேண்டும். கட்டடத்தின் வரலாற்றுக்குப் பதிலாக, அந்த விடுதியில் தினம் பத்துத் தரம் நாம் சொன்ன ஒரு சொல்லின் வரலாற்றை எழுதியிருக்கிறேன்.

அந்தச் சொல் 'கீழ்ப்பாக்கம்'.

சென்னையைப் பார்த்தே இராதவர்கள்கூட அந்த ஊர்ப்பெயரைத் தெரிந்து வைத்திருந்தோம். யாராவது தனக்குத்தானே பேசினால் கீழ்ப்பாக்கம். பரீட்சைக்கு ராத்திரி முழுக்கப் படித்தால் கீழ்ப்பாக்கம். காதல் கடிதம் எழுதினால் கேட்கவே வேண்டாம். சினிமாவும் நமக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தது. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொல்லமாட்டேன். வாய்க்கு வந்தது, அவ்வளவுதான்.

1978 பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோது 34-ஆம் அறைக்காரன் மாறியிருந்தான். கணிதம் படித்தவன். முத்து முத்தாக எழுதுவான்; பாதி வகுப்பு அவன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதித் தேறியது. பெயர் வேண்டாம், நம் அணியினருக்குத் தெரியும். குளிப்பதை விட்டான். மெஸ்ஸுக்கு வருவதை விட்டான். நடுராத்திரியில் என் கதவைத் தட்டி, "சுவருக்கு அந்தப் பக்கம் என்னைப் பத்திப் பேசுறது நீதானா?" என்று கேட்டான். "ஆமாடா, உன்னைப் பத்திப் பேசுறதுதான் எங்களுக்கு வேலை" என்றேன் நான். மறுநாள் அதையே மெஸ்ஸில் நடித்துக் காட்டினேன். நல்ல சிரிப்பு.

அன்று மாலை அவன் கதவில் சாக்பீஸால் 'கீழ்பாக்கம், மெட்ராஸ்–10' என்று விலாசம் எழுதப்பட்டது. இத்தனை வருஷமாக 'எழுதப்பட்டது' என்றேதான் சொல்லிக்கொண்டு வருகிறேன். எழுதியவன் நான்.

பத்து நாளில் வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போனார்கள். ஊரில் இரண்டு மாதம் மந்திரம், தாயத்து எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ரயிலேற்றி, நிஜமாகவே கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். அவன் பெட்டியையும் படுக்கையையும் எடுத்துப்போக அம்மா மட்டும் வந்திருந்தார். கதவில் இருந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்தாகிவிட்டது. ஆனாலும் பச்சைப் பெயிண்டில் வெள்ளையாகத் தடம் தெரிந்தது. அந்த அம்மா அதைப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துலதானய்யா இருந்தே, உனக்கு ஒண்ணும் தெரியலையா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான்தான் எதுவும் தப்பா வளத்துட்டேனாய்யா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தேன்.

இனி வரலாறு.

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று முதல் விடுதி 1794-இல் வந்தது. புரசைவாக்கம் பக்கம். ஆரம்பித்தவர் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர். தர்மத்துக்காக ஆரம்பித்தார் என்று நினைக்க வேண்டாம். சொந்த முயற்சியாகக் கட்டடம் எழுப்பிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டு நல்ல லாபம் பார்த்தார். பின்னால் அது டால்டன் என்ற மருத்துவர் கைக்குப் போய், அவர் பெயராலேயே வழங்கியது. கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்தில் அரசாங்கம் பெரிய காப்பகம் கட்டி 1871-இல் திறந்தது. திறந்தபோது உள்ளே போனவர்கள் 145 பேர். 1922-இல் 'லூனடிக் அசைலம்' என்ற பெயர் போய் 'மென்டல் ஹாஸ்பிடல்' என்றானது. ஜனங்கள் பலகையையா படிக்கிறார்கள்? அவர்களுக்கு அது கீழ்ப்பாக்கம்தான்.

கானலி வாடகைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் வேறொன்று நடந்தது. 1790-இல் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் சமயப் பெண்மணி அந்த ஊர்க் காப்பகத்தில் இறந்துபோனார். பார்க்க வந்த சொந்த சபையினரை நிர்வாகம் உள்ளே விடவில்லை. இது மனத்தை உறுத்த, தேயிலை வியாபாரியான வில்லியம் டியூக் என்பவர் தம் சபையாரிடம் பணம் திரட்டி 1796-இல் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். அடி உதை கிடையாது. நோயாளிகள் தோட்டவேலை செய்தார்கள். நல்ல உடை உடுத்திக்கொண்டு மேற்பார்வையாளர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். முற்றங்களில் முயலும் கோழியும் விட்டிருந்தார்கள். அன்பு காட்டப்படவேண்டியவனுக்கு, தான் அன்பு காட்டவும் ஏதாவது ஓர் உயிர் வேண்டும் என்று டியூக் குடும்பத்தார் கண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

பாரிஸில் பினல் என்ற மருத்துவர் சங்கிலிகளை அறுத்தெறிந்ததாகப் பெரிய பெரிய ஓவியங்கள் உண்டு. நானும் பாடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். உண்மையில் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-இல் சங்கிலியைக் கழற்றியவர் புஸ்ஸேன் என்ற கண்காணிப்பாளர். அதே மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்து குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். ஓவியத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

நம் நாட்டில் இதே காரியம் வேறு வழியாக வந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர் பொறுப்பிலிருந்தார். கூட்டமோ தாங்கமுடியாத கூட்டம், ஆட்களோ குறைவு. அவர் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியின் குடும்பத்தாரையும் கூடவே தங்கச் சொன்னார். அதுவரை கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து, தலைவாரிவிட்டு, சோறு ஊட்டி, நோயைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு, குணமானவரைக் கையோடு கூட்டிப்போனார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவதையே அங்கு வழக்கமாக்கினார்கள்.

கீழ்ப்பாக்கத்தில் 1961-இல் டாக்டர் சாரதா மேனன் கண்காணிப்பாளரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவர். வெளிநோயாளிப் பிரிவையும் தொழிற்பயிற்சியையும் வளர்த்தார். 1978-இல் ஓய்வு பெற்றார். நாங்கள் கதவில் சாக்பீஸால் எழுதிக் கேலி பேசிய அந்த இடத்தில் ஓர் அம்மாள் 17 வருஷமாக இந்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. ஓய்வுக்குப் பின் 1984-இல் மனச்சிதைவு நோய்க்கென்றே 'ஸ்கார்ஃப்' அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 2021-இல் 98-ஆம் வயதில் மறைந்தார்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1993-இல் நான் வேலை பார்த்த பள்ளியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனிடம் அதே அறிகுறிகளைக் கண்டேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவன் பெற்றோரோடு நானும் மனநல மருத்துவரிடம் போனேன். மருத்துவர் அந்தத் தாயிடம், "பையன் தினமும் என்ன செய்யறான், கொஞ்சம் பேசுங்க" என்றார். அவரும் அரைமணி நேரம் பேசினார். சோம்பேறி என்றார், வேணும்னே பண்றான் என்றார், பிறகு அழுதார். மருத்துவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "உங்க தப்பு எதுவும் இல்லைம்மா. அவன் தப்பும் இல்லை. இது ஒரு வியாதி" என்றார். அப்புறம், "நீங்க ராத்திரி தூங்குறீங்களா? சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அவரிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எனக்கோ பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பஸ் நிறுத்தம் ஞாபகம் வந்தது.

பிறகு தனியாக மருத்துவரிடம் கேட்டபோது, "அந்தம்மா என்ன சொன்னாங்கன்றதைவிட, எந்தக் குரல்ல சொன்னாங்கன்னுதான் கவனிச்சேன் சார்" என்றார். அவர் சொல்லித்தான் லண்டன் ஆய்வுகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

கதை இதுதான். 1950-களில் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தபிறகு, வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், லண்டன் மருத்துவமனைகளிலிருந்து வெளியே போன 200-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள்தான் நன்றாக இருப்பார்கள் என்று யாரும் நினைப்போம். ஆனால் வாடகை அறையிலும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை வீட்டிலும் தங்கியவர்களைவிட அவர்களில் அதிகம் பேர் திரும்ப நோயில் விழுந்தார்கள்.

ஏன்? பிரவுனும் மற்றவர்களும் வீட்டாரோடு நீண்ட பேட்டி எடுத்து, அதைக் கேட்டு எடைபோட ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். குற்றம் சொல்லும் வாக்கியங்களை எண்ணினார்கள். பகைமை இருக்கிறதா, அளவுமீறிய கவலை இருக்கிறதா என்று பார்த்தார்கள். கனிவுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். கனிவுக்கு மார்க்கா என்று எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவர்கள் சொற்களைவிடக் குரலின் ஏற்ற இறக்கத்தைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். "அவன் இன்னைக்கும் குளிக்கலை" என்பதை இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள், விளங்கும்.

1972-இல் வெளியான ஆய்வில் 101 நோயாளிகள். கடுமையோ மிதமிஞ்சிய தலையீடோ இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்தில் 58 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. அவை இல்லாத வீடுகளில் 16 சதவீதம். 1976-இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் மறுபடி செய்துபார்த்தபோதும் அதே போக்குத்தான் தெரிந்தது. இதில் ஒரு நுட்பம். கனிவு கூடக்கூட நல்லது என்று கணக்கு நேர்கோட்டில் போகவில்லை. மிகுந்த கனிவுள்ள சில வீடுகளில் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்து மூச்சுமுட்ட வைத்தார்கள். அங்கேயும் நோய் திரும்பியது. கனிவும் இருந்து, கொஞ்சம் காற்றும் விட்ட வீடுகளே நன்றாக இருந்தன.

மருந்து வேண்டாம், அன்பு போதும் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. மருந்து வேண்டும். அதன்மேல்தான் இதெல்லாம்.

அந்தத் தாய்மார் விஷயத்துக்கு வருகிறேன். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் சில மனநல அறிஞர்கள், தாயின் குணத்தால்தான் பிள்ளைக்கு மனச்சிதைவு வருகிறது என்று எழுதினார்கள். அதற்கென்றே ஒரு நீளமான பட்டப்பெயரும் சூட்டினார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆதாரமில்லாத பேச்சு என்று அது பிற்பாடு தள்ளப்பட்டது. லண்டன் ஆய்வும் இன்னொரு பழியாக மாறியிருக்கும். ஆனால் லெஃப் குழுவினர் அங்கே நிற்கவில்லை. கடுமையான வீடுகள் என்று குறித்த 24 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பாதியில், நோயைப் பற்றி வீட்டாருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து, உறவினர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். 1982-இல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஒன்பது மாதத்தில் பாதிப்பேர் மறுபடி விழுந்தார்கள். மற்றவர்களில் 9 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் பின்னால் வந்த பல ஆய்வுகள் அதன் பக்கமே நின்றன. 'வேணும்னே பண்றான்' என்ற நினைப்புப் போனால் குரல் தானாகத் தணிகிறது. 'எல்லாம் என் தப்பு' என்ற நினைப்புப் போனால் பொத்தி வைப்பது குறைகிறது. தன்னையே சாட்டையால் அடித்துக்கொண்டிருப்பவரால் பக்கத்திலிருப்பவரிடம் நிதானமாகப் பேச முடியாது என்பதை நான் இந்தக் கணக்கில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

1980-களில் சண்டிகரிலும் இதே ஆய்வைச் செய்தார்கள். லண்டனைவிட இங்கே வீட்டில் கடுமை குறைவு, நகரத்தைவிடக் கிராமத்தில் இன்னும் குறைவு என்று வந்தது. பார்த்தீர்களா நம் குடும்பப் பாசத்தை என்று மேடையில் பேச இது வசதியான செய்தி. நானே பேசியிருக்கிறேன். பிறகு 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள். ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு குடும்பம்தான் கொண்டுவந்து விட்டிருந்தது. வேறு போக்கிடம் தெரியாமல் விட்டிருந்தது. அதற்குப் பின் நான் அந்தப் பேச்சைப் பேசுவதில்லை. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. பாரிஸில் சங்கிலியைக் கழற்றி 220 வருஷத்துக்குப் பிறகு.

34-ஆம் அறைக்காரனுக்கு வருகிறேன். 1978-க்குப் பிறகு 16 வருஷம் நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. உறுத்தல் இல்லாமல் அல்ல. உறுத்தல் இருந்ததால்தான் போகவில்லை. ராத்திரி படுத்தால் அந்தக் கதவு வரும், 'நான் ஒரு பாவி' என்று நினைத்துக்கொள்வேன், தூங்கிவிடுவேன். அதனால் அவனுக்கு ஒரு தபால் கார்டுகூடப் பிரயோஜனம் இல்லை. பள்ளி மாணவனின் தாயிடம் மருத்துவர் சொன்னது என் காதிலும் கொஞ்சம் விழுந்திருக்க வேண்டும். 1994 மே விடுமுறையில், இருபது வயதில் தெரியாமல் செய்தாய், இப்போது தெரியும், கிளம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தென்காசிப் பக்கம் பஸ் ஏறினேன்.

அம்மா அதற்கு நான்கு வருஷம் முன்பே இறந்துவிட்டார். கடைசிவரை தன் வளர்ப்புத்தான் காரணம் என்றே நினைத்திருந்தாராம். அவன் அக்கா வீட்டில் இருந்தான். அத்தானின் அரிசிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அதே முத்து முத்தான கையெழுத்து. மாத்திரை இரண்டு வேளை. நடுவில் இரண்டு தரம் நோய் திரும்பி, மறுபடி ஏறி வந்திருக்கிறான். அக்கா நாள் முழுக்க அவனை ஏதாவது வேலை ஏவிக்கொண்டேதான் இருந்தார். "ஏலே, காப்பி ஆறுது, வந்து குடி. குடிச்சிட்டு மோட்டாரைப் போடு." நான் மனசுக்குள் மார்க் போட்டுப் பார்த்தேன். ஐந்துக்கு ஐந்து. அக்கா வீடுதான் எல்லோருக்கும் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்ட மாட்டேன். இந்த அக்கா நல்ல அக்கா.

சாயங்காலம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். "அந்தக் கதவுல எழுதினது நான்தாண்டா."

"தெரியும்" என்றான். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "கீழ்ப்பாக்கத்துக்கு நடுவுல ஒரு 'ப்' வரும்ல. விட்டுட்டே. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து மாதம் ஒரு தரம் பேசுகிறோம். முதலில் கடிதம், பிறகு டெலிபோன், இப்போது செல்போன். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் என் பேரக் குழந்தைகளுக்குக் கணக்குப் பாடம் போனிலேயே அவன்தான் சொல்லித் தந்தான்.

இப்போது விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விவரம். 14416 என்பது 'டெலி-மானஸ்' எண். மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், பக்கத்து அறைக்காரனுக்காகவும் கூப்பிட்டுக் கேட்கலாம். சென்னையில் 'சிநேகா' அமைப்பு 1986 முதல் இந்தத் தொண்டைச் செய்துவருகிறது. எங்கள் காலத்தில் விடுதிக்கு மொத்தம் ஒரே டெலிபோன். அதுவும் வார்டன் அறையில், பூட்டுப் போட்டு இருக்கும்.

இந்த முறை சந்திப்புக்கு அவனும் வருகிறான். நேற்று அக்கா போன் செய்தார். 80 வயது தாண்டியும் அதே குரல். "தம்பி, ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள்ள போட்டுருவாங்களா? அவன் மாத்திரை போடணும். அப்புறம், அந்தப் பழைய ரூம்லயே படுக்கக் கெடைக்குமான்னு கேட்கச் சொன்னான்." விசாரித்தேன். 34-ஆம் அறை இப்போது ஸ்டோர் ரூமாம். 35-ஐ எங்கள் இருவர் பெயருக்கும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.